கூடுதல் பேட்டரியின் கனம்

சுமை தூக்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மா மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் தலை வலிக்கும். கோயிலில் பெஞ்சு நகர்த்தச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவளின் தோளில்தான் எண்பத்தாறாம் வருடக் கடைசியில் ஐந்து கிலோப் பெட்டி ஒன்று வந்து ஏறியது. இன்றைக்கு அதை மடிக்கணினி என்கிறார்கள். நாங்கள் பெட்டி என்றோம். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், அதனால் மடி என்ற பேச்சே எழவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிலிபினில் வீடு, மலேசியாவின் ஈப்போ டவுனில் வேலை. கடை ஒரு சீன மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளியை அண்ணே என்று கூப்பிடுவேன். தட்டச்சு வகுப்பு நடத்திப் பார்த்துச் சரிவராமல், சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தவர், 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டினார். அவ்வளவுதான், மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஐயர் ஒரு வாரம் இழுக்கிற ஜாதகத்தை மிஷின் ஆறு நிமிடத்தில் கணிக்கிறது என்றால் சும்மா இருப்பார்களா?

நான் வேதக்காரப் பெண். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். நீ எப்படி ஜாதகம் போடலாம் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை, கணக்கில் உண்டு. பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினால் சந்திரன் எங்கே நின்றது என்று மிஷின் சொல்லும். அது சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் பொறுப்பு. பாதிரியாரிடம் கேட்டாயா என்றால், கேட்கவில்லை. வேண்டாம் என்பார் என்று தெரிந்தே ஒரு கேள்வியை யாராவது கொண்டுபோய்க் கேட்பார்களா?

கடைக்கு வர முடியாதவர்கள் ரப்பர் தோட்டத்துச் சனங்கள். அவர்களைத் தேடிப் பெட்டி போகும் என்று அண்ணன் அறிவித்தார். பெட்டி போகும் என்றால் நான் போவேன் என்று அர்த்தம். அங்கேதான் பேட்டரிப் பிரச்சினை ஆரம்பமானது.

அந்தக் காலத்தில் நாங்கள் போன தோட்டங்களில் பகலில் கரண்ட் கிடையாது. மாலை ஆறரைக்கு எஸ்டேட் மிஷின் ஓட ஆரம்பிக்கும், பத்து மணிக்கு நிற்கும். அந்தக் கரண்டும் ஒழுங்கான கரண்ட் இல்லை. யாராவது ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் லயத்து வரிசை வீடுகள் முழுக்க விளக்கு மூச்சு வாங்கும். ஒரு தடவை நம்பிப் பெட்டியைச் செருகி, சார்ஜர் கருகி, வந்த வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பினேன். ஆகவே பேட்டரியே கதி.

பெட்டிக்குள் இருந்த பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கும் என்று அதனுடன் வந்த புத்தகம் சொன்னது. புத்தகம் எழுதியவர் ஜாதகம் போட்டதில்லை. எங்கள் புரோகிராம் பிளாப்பித் தட்டில் இருந்தது, தட்டைச் சுழற்றிச் சுழற்றித்தான் அது ஒவ்வொரு கணக்கையும் படிக்கும். சுழலும்போதெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். அண்ணனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தது போலும், சிங்கப்பூரிலேயே பெட்டிக்குப் பின்னால் பொருத்துகிற கூடுதல் பேட்டரி ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டால் மொத்தம் மூன்று மணிக்கு மேல் ஓடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் அதை மாட்டிவிட்டால் பெட்டி அதன் பைக்குள் நுழையாது. கழற்றித் தனியாகத்தான் தூக்க வேண்டும். மாட்டினால் பெட்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், மணிக்கட்டு வலிக்கும். சார்ஜர் ஒன்றுதான், முதலில் பெட்டிக்கு, பிறகு அதற்கு. இரண்டையும் நிரப்ப ஓர் இரவும் அடுத்த நாள் காலையும் வேண்டும். அந்த வகைப் பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு நாள் சோம்பேறியாகிவிடும். அண்ணன் அதைப் பெட்ரோல் ஊற்றுவதுபோல் அரைகுறையில் ஏற்றிக்கொண்டே இருப்பார். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார். இதையெல்லாம் தாண்டி அதன் கனம். ஒரு நாள் கீழே காய்கறி விற்கிற சீனத்தியின் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று கட்டி, கிட்டத்தட்ட இரண்டு கிலோ. மூன்று கட்டிப் பூசணிக்காய் என்றால் குழம்பாவது வைக்கலாம்.

"இத தூக்கிட்டு ரெண்டு மைல் நடக்க என்னால முடியாது அண்ணே" என்றேன்.

"ஏன், தோள் தேஞ்சிருமா? சும்மா எடுத்துட்டுப் போ லா."

"ஒன்னேகால் மணி எனக்குத் தாராளம். வேணும்னா பந்தயம் கட்டுங்க."

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். ஒன்றேகால் மணியில் ஆறு குடும்பத்துக்கு ஜாதகம் எழுதி முடிக்கிற கைவாகு எனக்கு வந்துவிட்டது. பிரிண்டர் கரண்ட் இல்லாமல் ஓடாது, ஆகவே திரையில் வருவதைப் பார்த்து மஞ்சள் தடவிய தாளில் கையால் எழுதிக் கொடுப்பேன். ஒரு குடும்பம் எழுந்திருப்பதற்குள் அடுத்த குடும்பத்தின் தேதியைத் தட்டியிருப்பேன். புரோகிராம் கடைசியாக ஒரு கேள்வி கேட்கும், உங்கள் ஊர்க் கடிகாரம் இங்கிலாந்துக் கடிகாரத்தைவிட எத்தனை மணி முன்னால் ஓடுகிறது என்று. எட்டு என்று அண்ணன் அதில் முதலிலேயே போட்டு வைத்திருந்தார். அந்தக் கேள்வி வந்தவுடன் படிக்காமலேயே என்டரைத் தட்டிவிட்டுப் போவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேட்டரி மிச்சம் என்று பெருமை வேறு.

எண்பத்தேழில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சுங்கை சிப்புட் தாண்டி கோலா கங்சார் பாதையில் இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் செம்மண் பாதை. கூடுதல் பேட்டரியைக் கடையில் மேசைக்கடியில் தள்ளிவிட்டு வந்திருந்தேன். வழியெல்லாம் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிறு என்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை காலியாக இருந்தது. அங்கே பெட்டியைத் திறந்து வைத்தேன். நான்காவதாக வந்தவர்கள் ஒரு தாயும் மகளும், இருவரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். மகளுக்கு இருபத்து மூன்று வயது. மேட்டு லயத்து லாரி டிரைவர் ஒருவனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்திருந்தது என்பது தோட்டத்துக்கே தெரியும், பெரியவர்கள் மட்டும் தெரியாததுபோல் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் விதவை, ஒரே மகன். ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லியிருந்தார். கொட்டகைக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு காத்து நின்றார்.

பெண்ணுக்கு எழுதி வைத்த ஜாதகம் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் என்கிற கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது. காலை ஐந்தரை என்று அதில் இருந்தது.

"அன்னிக்கு பெரட்டு மணி அடிச்சிச்சு பாரு பாப்பா, அப்பதான் இவ..." என்று தாய் ஆரம்பித்தார். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் விடியலில் ஆள் கணக்கெடுப்பது. தோட்டத்தில் எந்தக் கதையும் பெரட்டில்தான் ஆரம்பிக்கும்.

பெட்டியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எப்போது மின்னுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு குடும்பம் பாக்கி.

"நேரந்தான் எழுதியிருக்குல்ல, போதும்மா" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் தட்டினேன். கடைசிக் கேள்விக்கு என்டர். ஆயில்யம், நான்காம் பாதம் என்று வந்தது.

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, யாராவது ஒரு மாமியாராகத்தான் இருக்க வேண்டும். தாளில் நான் அதை எழுதியதும் தாய் கையை நீட்டி வாங்கவில்லை. மகள்தான் வாங்கினாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அதனால் அவர்கள் முகத்தை நான் கவனிக்கவும் இல்லை. வெளியே நின்ற அம்மாள் செய்தி கேட்டுக் குடையை விரித்து நடந்தது மட்டும் தெரிந்தது. அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டேன்.

மறு வருடம் அதே தோட்டத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை எட்டுக் குடும்பம். பெட்டிக்குள் இருந்த பேட்டரிக்கு அதற்குள் வயதாகிவிட்டது, முக்கால் மணியில் மயங்கி விழுந்தது. வேறு வழியில்லை. கூடுதல் பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணனை மனசுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். "இந்தக் கல்ல கட்டிக்கிட்டு அலைஞ்சா நீ தஞ்சோங் ரம்புத்தான்லதான் போயி எறங்குவ" என்று வீட்டில் அம்மா ஏற்கெனவே ஆசீர்வாதம் செய்திருந்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. செம்மண் பாதையில் நாலு இடத்தில் பையை இறக்கி வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கண்டேன், சொல்லாமல் இருக்க முடியாது. கூடுதல் பேட்டரி இருந்தபோது எனக்கு அவசரம் இல்லை. சிவப்பு விளக்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாததால் ஆட்களைப் பார்த்தேன். ஒரு கிழவர் தன் பேரன் பிறந்த அன்று வெள்ளம் வந்த கதையைச் சொன்னார், முழுக்கக் கேட்டேன். பால் ஊற்றாத தே ஓ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறுவதற்கு முன்னால் குடித்தேன். அண்ணனின் அரைகுறைச் சார்ஜ் புண்ணியத்தில் அந்தக் கூடுதல் பேட்டரியும் சொன்ன நேரத்தை எட்டவில்லைதான். ஆறாவது குடும்பம் முடியும்போது அது தீர்ந்தது. கழற்றி வைத்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த கிழட்டுப் பேட்டரியில் தொடரலாம் என்று கொஞ்ச நேரம் மிஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது அந்தத் தாய் வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"பாப்பா, ஆயில்யத்துக்குப் பரிகாரம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

அது என் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் நேரம் இருந்தது, ஆகவே உட்காரச் சொன்னேன். அவர் சொன்னார். மேட்டு லயத்து அம்மாள் அன்றே வேண்டாம் என்றுவிட்டார். பிறகு சிம்மோரிலிருந்து ஒரு வரன், தைப்பிங்கிலிருந்து ஒரு வரன். இரண்டும் என் தாளைப் பார்த்ததும் திரும்பிப் போயின. லாரி டிரைவர் பையன் ஒரு வருடமாக யாரையும் கட்டமாட்டேன் என்று நின்றான். கடைசியில் அவன் தாய் அழுது புரண்டு சம்மதிக்க வைத்து, இன்று சாயங்காலம் சுங்கை சிப்புட்டில் வேறு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள்.

"எம் மக ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேங்குறா. மரம் வெட்டப் போறா, வாரா, படுத்துக்கிறா" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "போன வருசம் என்னமோ சொல்ல வந்தீங்களே, பெரட்டு மணி அடிச்சப்போன்னு" என்றேன்.

"அதான் பாப்பா. பெரட்டு மணி அடிக்கவும் இவ அழவும் ஒன்னா இருந்துச்சு. அதான் டிரெசர் கடியாரத்தப் பாக்காமலே அஞ்சரன்னு எழுதினாரு."

"பெரட்டு ஆறு மணிக்கில்ல? காலையில யாரோ சொன்னாங்களே."

"இப்பதான் ஆறு. அப்பல்லாம் அஞ்சர. கவுர்மெண்டுல கடியாரத்த அர மணி தள்ளி வச்சாங்கல்ல, அன்னிக்கு பெரட்டயும் தள்ளி வச்சிட்டாங்க. வெளிச்சம் வராம மரத்த வெட்ட முடியுமா? மரத்துக்குக் கடியாரம் தெரியுமா?"

எண்பத்திரண்டாம் வருடப் புத்தாண்டன்று சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று நம் பக்கத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்பா நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பியதை நானே கீழே நின்று பார்த்தேன். அதற்கு முன் நாம் இங்கிலாந்தைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தோம். எட்டு என்பது அதற்குப் பிறகு வந்த கணக்கு. நான் படிக்காமல் என்டர் தட்டிவிட்டுப் போன கேள்வி அதுதான். கல்யாணத்துக்கு நிற்கிற எல்லாருமே எண்பத்திரண்டுக்கு முன்னால் பிறந்தவர்கள். எல்லாரையும் நான் அரை மணி முன்னதாகப் பிறக்க வைத்திருக்கிறேன்.

நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவர்களுக்கு அரை மணியால் ஒன்றும் ஆகாது. ஓரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் வினை. ஆயில்யம் நான்காம் பாதம் என்பது அந்த நட்சத்திரத்தின் வால். மிஷினைப் போட்டேன். அதே தேதி, அதே ஐந்தரை. கடைசிக் கேள்வியில் எட்டை அழித்துவிட்டு ஏழரை போட்டேன். தட்டு சுழன்றது. மகம், முதல் பாதம்.

வெட்கமாக இருந்தது. கணக்கில் மட்டும் நம்பிக்கை உள்ளவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள், அந்தக் கணக்கையே பார்க்காமல் தட்டியிருக்கிறேன். அண்ணன் என்ன சொல்வார் என்றும் ஒரு கணம் நினைத்தேன். மறுநாள் அவர் சொல்லவும் செய்தார். கடையை மூட வைத்துவிட்டாயே என்று குதித்துவிட்டு, அப்புறம் அவரே உட்கார்ந்து கடையில் இருந்த பழைய ஜாதகப் பிரதிகளைப் புரட்டினார். ஓரத்தில் நின்ற நட்சத்திரங்களைத் தேடி இரண்டு பேரும் பல ஞாயிறுகள் அலைந்தோம். அது பிறகு. அன்று கொட்டகையில் நான் செய்தது, காத்திருந்த இரண்டு குடும்பத்திடமும் இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்கு நடந்ததுதான். தாய் எனக்கு முன்னால் ஓடினார்.

மாப்பிள்ளையின் அம்மாள் நல்ல சேலை கட்டித் தயாராக இருந்தார். தட்டில் பழமும் வெற்றிலையும் இருந்தன. மகன் மோட்டார்சைக்கிள் சாவியோடு வாசலில் நின்றான். முகம் தூக்குக்குப் போகிறவன் முகம்.

"என்னா பாப்பா, பெட்டியத் தூக்கிட்டு இங்க?"

"அம்மா, போன வருசம் அந்தப் பொண்ணுக்கு நான் தப்பா போட்டுட்டேன். அது ஆயில்யம் இல்ல, மகம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெட்டி தப்பா போட்டுச்சா, நீ தப்பா போட்டியா?"

"நான்தான். கனமா இருக்குன்னு பெரிய பேட்டரிய கடையிலயே வச்சிட்டு வந்தேன். இருந்தது கொஞ்ச நேரம், அவசரத்துல அவங்க சொன்னத கேக்கல. ஒரு கேள்வியப் படிக்காம தட்டிட்டேன்."

"போன வருசம் தப்பா போட்டவ இன்னிக்கு மட்டும் சரியா போடுவன்னு என்னா நிச்சயம்? அந்தம்மா அழுதிருக்கும், நீ மாத்திப் போட்டிருப்ப."

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பெரட்டு ஐந்தரையாக இருந்ததையும் ஆறாக மாறியதையும் எடுத்துச் சொன்னேன். அவரும் முப்பது வருடம் அந்த மணிக்கு எழுந்து ஓடியவர்தான், தலையை ஆட்டினார். ஆனாலும் விடவில்லை.

"அப்ப பழையபடியே ஒருக்கா போடு. எட்டுன்னு. ஆயில்யம்னு வரட்டும். அப்புறம் ஏழர போடு. ரெண்டையும் நான் என் கண்ணால பாக்கணும்."

பெட்டியைப் பெஞ்சில் வைத்துத் திறந்தேன். பெட்டிக்குள் இருந்த பேட்டரிக்கும் அண்ணனின் அரைகுறைச் சார்ஜ்தான், அதற்குள் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு கணக்குக்கு ஆறு நிமிடம், இரண்டு கணக்கு. அந்த விளக்கு மின்ன ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குப் பழக்கம். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்றை மட்டும் போடச் சொல்வார், ஒன்றை மட்டும் பார்த்தால் நம்ப மாட்டார். திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் குறைத்தேன்.

முதல் கணக்கு வந்தது. திரையில் ஆங்கில எழுத்துதான். மகன் குனிந்தான்.

"நீ படிக்காத. நீ எது வந்தாலும் மகம்னுதான் படிப்ப" என்று அம்மாள் அவனைத் தள்ளிவிட்டு, தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஆயில்யம்."

இரண்டாவதைத் தட்டினேன். கடைசிக் கேள்வியில் ஏழரை போட்டதை அம்மாளின் விரலை வைத்துக் காட்டினேன். தட்டு சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. அந்தத் தட்டு சுழல்வதற்காக நான் அதுவரை பிரார்த்தித்ததில்லை. அன்று பிரார்த்தித்தேன். ஆண்டவர் அதை எந்தக் கணக்கில் வைத்தாரோ தெரியாது. எழுத்து வந்தது.

"மகம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் வாயை மூடுவதற்குள் திரை வெளுத்து, மங்கி, அணைந்தது.

"எங்க போச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சும்மா."

"அப்ப பொருத்தம்?"

"பொருத்தம் பாக்க கரண்ட் இல்ல."

வாசல் வெயிலில் அம்மாள் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் உள்ளே போனான். கையிலிருந்த சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றான். அம்மாள் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மகம் ஜகத்த ஆளும்பாங்க. எங்க வீட்ட ஆளட்டும், போ" என்றார். "சாவிய எடு. சுங்கை சிப்புட்டு வீட்டுல நாங்க வரலன்னு மரியாதையா சொல்லிட்டு வா. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவன் கிளம்பிய சத்தம் பாதை முனை வரைக்கும் கேட்டது. தாய் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மேட்டு லயத்து அம்மாள் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார், கூடவே ஒரு சொல்லும். "நல்லா இரு. ஆனா கேள்விய படிச்சிட்டுத் தட்டு."

கூடுதல் பேட்டரி வாங்கலாமா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. கனம், அழகில்லை, பைக்குள் நுழையாது, விலை வேறு என்று அவர்களே அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. வாங்கு, வாங்கினால் தூக்கு என்பேன். ஏன் என்று நான் விளக்குவதில்லை. விளக்கினால் அன்று திரும்பி வந்த வழியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கொட்டகைக்குப் போய்ப் பைகளைக் கட்டினேன். அந்தப் பெண் வந்து நின்றாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்துக் கூச்சத்தோடு காத்திருந்தேன். விடிந்தால் தோளில் காண்டாக் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிற பெண் அவள். கூடுதல் பேட்டரி இருந்த பையைக் குனிந்து எடுத்தாள்.

"இதுவா அக்கா? போன வருசம் கனம்னு கடையில வச்சிட்டு வந்தது இதுவா?"

"ஆமா" என்றேன்.

வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். திரும்ப வலது கைக்கு மாற்றினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

மெயின் ரோடு வரை இரண்டு மைலும் அவள்தான் அதைத் தூக்கி வந்தாள். பஸ் வர முக்கால் மணி ஆனது. அதுவரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.